வாசலுக்கு ஒரு குடி

பண்டாரவளை
1913 ஜனவரி 12

என் மாமி மகளும் பெண்சாதியுமான ஸித்தி ஸுபைதாவுக்கு, பலீல் மச்சான் ஸலாம் சொல்லி எழுதுவது.

வீடு முடிந்துவிட்டது. ஸ்டேஷனுக்கு மேலே, சந்தைப் பாதையை விட்டு ஒதுங்கிய மேட்டில் நிற்கிறது. நான்கு அறை, தகரக் கூரை, எல்லா ஜன்னலுக்கும் கண்ணாடி. பக்கத்து வீட்டுச் சண்டை, சத்தம் எதுவும் இல்லை. கூப்பிடு தூரத்துக்கு ஒருவரும் கிடையாது. குளிர்ந்த காற்று, நல்ல தண்ணீர். பள்ளிவாசல் லெப்பையும் ஜமாஅத்தாரும் வந்து மௌலூது ஓதிச் சாப்பிட்டுப் போனார்கள். லெப்பை சுற்றிப் பார்த்துவிட்டு, "கவர்மெண்டு கச்சேரி மாதிரி ஈக்கிது பலீல்" என்றார். புகழ்ந்தாரா, குத்தினாரா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. நாலு புறமும் வெள்ளைச் சுண்ணாம்பு. உள்ளே இருமினால் நாலு அறையும் திரும்ப இருமுகிறது. மேசை, நாற்காலி எல்லாம் வாங்கிப் போட்டும் ஆள் வாழ்கிற இடமாக அது இன்னும் ஆகவில்லை. கட்டத் தெரிந்ததே தவிர, அதற்குமேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ தாய் வீட்டுக்குப் போய் மூன்று வருஷத்துக்கு மேலாகிறது. வா என்று எழுதிய கடிதங்களுக்கு நீ பதில் போடவில்லை. அதனால் இதில் வா என்று எழுதவில்லை. இந்த வீட்டுக்கு என்னென்ன செய்தால் வீடு மாதிரி இருக்கும் என்று மட்டும் எழுது. நீ சொல்லுகிறபடி அப்படியே செய்கிறேன். கொஸ்லந்தையைப் பற்றிப் பேசக் கூடாது என்றாய், பேசவில்லை.

உனக்குத் தமிழெழுத்து வாசிக்க வராதே என்று இதையும் அரபெழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். கடையில் தமிழெழுத்தே எழுதிப் பழகிய கை. தமிழை அரபெழுத்தில் எழுதினால் நண்டு நடந்த மாதிரி இருக்கிறது. சிரிக்காதே.

பலீல்

*

காலி
1913 பெப்ரவரி 2

மச்சானுக்கு ஸலாம்.

நண்டு மாதிரித்தான் இருந்தது. உம்மாவும் நானும் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து வாசித்தோம். "ஊடு கட்டத் தெரிஞ்சவனுக்கு எழுதத் தெரியல்ல" என்று உம்மா சொன்னார். மருமகன் மேல் அவருக்குக் கோபமில்லை. கோபம் எல்லாம் எனக்குத்தான்.

என்னைக் கேட்காமல் நிலம் பார்த்தீர்கள், என்னைக் கேட்காமல் அத்திவாரம் போட்டீர்கள், கூரையும் போட்டீர்கள். எல்லாம் முடிந்தபின் என்ன செய்யட்டும் என்று கேட்கிறீர்கள். சோறாக்கிச் சாப்பிட்டுவிட்டு உப்புப் போதுமா என்று கேட்பதுபோல் இருக்கிறது. கூப்பிடு தூரத்துக்கு ஒருவரும் இல்லை என்று பெருமையாக வேறு எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை உம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.

கேட்டதற்காகச் சொல்கிறேன். வருவேன் என்று இதற்கு அர்த்தமில்லை.

முன் ஜன்னலின் மேல்பாதியில் வெறும் கண்ணாடியை எடுத்துவிட்டுச் சிவப்பும் பச்சையும் போடுங்கள். வெயில் வந்தால் தரை பார்க்க நன்றாக இருக்கும். குர்ஆன் வைக்க மேற்குச் சுவரில் தலைக்கு மேலான உயரத்தில் பலகை அடியுங்கள். உங்கள் தலைக்கு மேல் வேண்டாம், என் தலைக்கு மேல். சுவரை முழுக்க வெள்ளையாக விடாமல் இடுப்பளவுக்கு நீலம் பூசச் சொல்லுங்கள்.

முக்கியமாக, வாசலை அடுத்து ஒரு கொடி வையுங்கள். வெறும் வாசல் முகத்தில் அறைகிற மாதிரி இருக்கும். நல்ல ஜாதியாகப் பார்த்து வையுங்கள். பரவி வீட்டையே மூடிக்கொள்கிற ஜாதி வேண்டாம். வெயில் விழும் பக்கமாக இருக்கட்டும். வேர் பிடிக்கும்வரை தினமும் காலையில் போய்ப் பாருங்கள். முறைத்துக்கொண்டு ஒரு பக்கமாகப் போனால் கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள்.

இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஸித்தி ஸுபைதா

*

பண்டாரவளை
1913 பெப்ரவரி 23

ஸுபைதாவுக்கு ஸலாம்.

உன் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்து வருகிறேன். சிவப்புக் கண்ணாடி வந்துவிட்டது. பச்சை ரயிலில் உடைந்துபோனது, வேறு சொல்லியிருக்கிறேன். பலகை அடித்தாயிற்று. உன் உயரத்துக்குத் தச்சனிடம் கையால் காட்டினேன். அவன் "அவ்வளவு கட்டையா?" என்றான். கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். நீலம் பூசியதில் ஓரிடம் திட்டாக இருக்கிறது.

முக்கியமானது என்று எழுதியிருந்தாயே, அதுவும் முடிந்தது. வாசலை அடுத்து ஒரு குடி வைத்துவிட்டேன்.

நல்லையா என்று ஒருவன் ஸ்டேஷனிலிருந்து கடைகளுக்கு வண்டியில் சாமான் இழுக்கிறான். தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, இருக்க இடமில்லாமல் வண்டிப்பேட்டையில் குடும்பத்தோடு ஒண்டிக்கொண்டிருந்தான். நல்ல ஜாதியாகப் பார்க்கச் சொன்னாய். நான் ஜாதி கேட்கவில்லை, குணத்தை விசாரித்தேன். எல்லோரும் நல்லபடியாகத்தான் சொன்னார்கள். பரவி வீட்டையே மூடுகிற ஜாதி வேண்டாம் என்றாய். அவன், பெண்சாதி ராசம்மா, இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள், அவ்வளவுதான். வெயில் விழும் பக்கம் என்றதால் கிழக்கு அறையையே கொடுத்து, அதற்குத் தனியாக வாசல் உடைத்து, பின்னால் தனி அடுப்பும் போட்டுக் கொடுத்தேன். இறைச்சி நம் ஆள் அறுத்ததைத்தான் வாங்குகிறார்கள். தினமும் காலையில் போய்ச் சுகம் விசாரிக்கிறேன். வேர் பிடித்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது.

கயிறு போட்டுக் கட்டச் சொன்னது மட்டும் எனக்கு விளங்கவில்லை. இதுவரை அப்படி ஒரு அவசியம் வரவில்லை. சாதுவான மனிதர்கள்.

ராசம்மாவுக்குத் தோட்டத்துப் பழக்கம் போகவில்லை. விடியுமுன் பேர் கூப்பிட்டுப் பெரட்டுக்கு ஆள் எடுக்கிற நேரத்துக்கே எழுந்து வாசலைக் கூட்டிச் சாணி தெளித்துக் கோலம் போடுகிறாள். பெரிய வாசலுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டாள். அதை அழிக்குமுன் லெப்பை வந்துவிட்டார். அவர் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, கோடு அழியாமல் காலை அகல வைத்துத் தாண்டி வந்தார். சின்னவள் பெரியாயி உன் நீலச் சுவரில் மஞ்சள் கையை ஐந்தாறு இடத்தில் வைத்துவிட்டாள். திட்டாக இருந்த இடம் இப்போது தெரியவில்லை.

இப்போது இருமினால் "என்னாங்கய்யா, சளியா?" என்று பக்கத்திலிருந்து கேட்கிறார்கள். நீ சொன்னது சரி, இதுதான் முக்கியம்.

பலீல்

*

காலி
1913 மார்ச் 6

மச்சானுக்கு.

ஸலாம் சொல்லக்கூட எனக்கு மனம் வரவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஸலாம்.

நான் எழுதியது கொடி. கொ, டி. பூக்கிற கொடி. மல்லிகைக் கொடி, பிச்சிக் கொடி, எந்தக் கொடியாவது. நீங்கள் வாசித்தது குடி. அரபெழுத்தில் 'கு'வுக்கும் 'கொ'வுக்கும் எழுத்தின்மேல் போடும் பேஷ் குறி ஒன்றுதான், 'கொ'வென்றால் அதன்மேல் ஒரு சின்னக் குறி போடவேண்டும். நான் போட்டேனா இல்லையா என்று இப்போது என்னால் சத்தியம் செய்ய முடியாது. மை தீர்ந்துகொண்டிருந்தது. ஆனால் கயிறு போட்டுக் கட்டச் சொன்ன இடத்திலாவது ஒரு மனிதனுக்குச் சந்தேகம் வரவேண்டாமா? மனிதரை யாராவது வெயில் பார்த்து வைப்பார்களா?

உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி, நான் முதுகில் தட்டவேண்டி வந்தது. "சாராயக் குடின்டு வாசிக்காம உட்டானே, அதுக்கு அல்லாஹ்வுக்கு சுக்ர் செய்" என்றார். என் கூடப்பிறந்த நானா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ரஹ்மத்தும்மா மாமி வேலியடியில் நின்று, "ஸுபைதா, ஒன்ட ஊட்டுல கொடி பூத்திச்சா?" என்று கேட்கிறார்.

அவர்களுக்குச் சிரிப்பு. எனக்கு அப்படியில்லை. நான் கால் வைக்காத வீட்டில் இன்னொருத்தி அடுப்புப் பற்றவைத்துவிட்டாள். என் சுவரில் அவள் பிள்ளையின் கை. முதல் முதலாக வாசல் கூட்டியதும் அவள்தான். பிறகு நான் வந்து எதற்கு?

அவர்களை மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிடுங்கள். அதன்பிறகு எழுதுங்கள். அதுவரை நான் வருகிற பேச்சே வேண்டாம்.

ஸித்தி ஸுபைதா

அவள் போடும் கோலம் புள்ளிக் கோலமா, கோட்டுக் கோலமா? சும்மா கேட்கிறேன்.

*

பண்டாரவளை
1913 மார்ச் 20

ஸுபைதாவுக்கு ஸலாம்.

சொல்லிவிட்டேன். இந்த மாதம் முடிய, முப்பத்தொன்றாம் தேதி போய்விடுவார்கள். நல்லையா தலையை மட்டும் ஆட்டினான். ராசம்மா, "நாங்க ஏதும் தப்பு தண்டா செஞ்சிட்டமாங்கய்யா?" என்று கேட்டாள். இல்லை, எழுத்தில் வந்த பிழை என்றேன். அவளுக்கு அது விளங்கவில்லை. புள்ளிக் கோலம்தான் போடுகிறாள்.

உன் பழைய கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குறி இருக்கிறது. மங்கலாக இருக்கிறது, ஆனால் இருக்கிறது. பிழை என்னுடையதுதான்.

நான் ஏன் அப்படி வாசித்தேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் எழுதுகிறேன். பேசக் கூடாது என்ற பேச்சை மீறுகிறேன், மன்னித்துக்கொள்.

குடி என்று வாசித்தவுடன் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. எனக்கு வந்தது வெட்கம். கொஸ்லந்தையில் தன்னந்தனியாக ஒரு வளைவில் கடை போட்டு, பின்னறையில் உன்னையும் நம் பிள்ளை ஸவாஹிராவையும் வைத்தேன். பிள்ளைக்கு வலிப்பு வந்த அன்று நான் அல்தும்முல்லையில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தேன். மழையில் பாதை சரிந்து, வந்து சேர மஃரிப் தொழுகை நேரமாகிவிட்டது. உன் மடியில் பிள்ளை மௌத்தாகி இருந்தது. அதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. இங்கே வந்து, கூப்பிடு தூரத்துக்கு ஒருவரும் இல்லாத மேட்டைத் தேடிப் பிடித்துக் கட்டி, அதை உனக்குப் பெருமையாக எழுதினேன்.

அதனால்தான், வாசலை அடுத்து ஒரு குடி வை, முக்கியம் என்று நீ எழுதியதாகக் கண்டபோது, இதை இவள் சொல்லித்தானா நான் அறியவேண்டும் என்று நினைத்தேன். கயிற்றைப் பற்றியெல்லாம் யோசிக்கவில்லை. அன்றைக்கே நல்லையாவைத் தேடிப் போனேன்.

இனி உன் விருப்பப்படி கொடி வைக்கிறேன்.

பலீல்

*

காலி
1913 ஏப்ரல் 1

மச்சானுக்கு ஸலாம்.

கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. நானா கொழும்புக்குப் போயிருந்ததால் தபால் அவர் கடையிலேயே கிடந்துவிட்டது. இது உங்கள் கைக்கு வரும்போது அவர்கள் போயிருப்பார்கள். போயிருந்தால் தேடிக் கூட்டி வாருங்கள். வண்டியில் ஏறி இருந்தாலும் இறக்குங்கள்.

யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உம்மாவுக்கும் தெரியாது.

அன்றைக்குப் பிள்ளையின் கண் மேலே போனதும் நான் கடை வாசலுக்கு வந்து நின்றேன். எதிர் மலையில் தோட்டத்துக் கூலிகளின் லயம் தெரிந்தது. அடுப்புப் புகைகூடத் தெரிந்தது. இடையில் அந்த ஆறுதான். நான் கூப்பிட்டேன். முதலில் மெதுவாகத்தான் கூப்பிட்டேன் மச்சான். அந்நிய ஆண்கள் கேட்கும்படி குரல் எழுப்பி எனக்குப் பழக்கமில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "ஆராச்சும் ஈக்கிறீங்களா" என்றேன், பக்கத்து அறையில் இருப்பவரைக் கேட்கிறதுபோல. பிறகுதான் கத்தினேன். அதற்குள் மழை இறுகிவிட்டது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒருவரும் வரவில்லை.

முதலிலேயே கத்தியிருந்தால் கேட்டிருக்குமோ என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அன்று இல்லாததற்காக நான் கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று நீங்களும் ஊரும் நினைத்தீர்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உங்கள் மேல் கோபம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. என் மேல் இருந்ததில் அது பாதிகூட இல்லை.

நான் எழுதியது கொடிதான். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது கொடியில்லை. இருமினால் என்ன என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். இதைக் கேட்டால் பயந்தவள் என்பீர்களோ என்று கேட்கவில்லை. நீங்கள் தப்பாக வாசித்துச் சரியாகச் செய்தீர்கள். நான் சரியாக எழுதி அதைக் கெடுத்தேன்.

ராசம்மாவைக் கூட்டி வந்துவிட்டு எழுதுங்கள். நான் வருகிறேன்.

ஸுபைதா

*

பண்டாரவளை
1913 ஏப்ரல் 12

ஸுபைதாவுக்கு ஸலாம்.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் முடியவில்லை. நேரில் பேசுவோம்.

அவர்கள் சொன்ன தேதியிலேயே போய்விட்டார்கள். ராசம்மா அறையை மெழுகிவிட்டு, சாவியைத் துடைத்துக் கையில் கொடுத்தாள். உன் கடிதம் வந்த மறுநாளே வண்டி எடுத்துக்கொண்டு தேடிப் போனேன். நல்லையாவின் அண்ணன் இருக்கும் தோட்டத்தில் அவர்களும் பேர் பதிந்துவிட்டார்கள். அது எந்தத் தோட்டம் என்று எழுதக் கை வரவில்லை. நம் பழைய கடைக்கு எதிர் மலை. நீ பார்த்துக்கொண்டு நின்றாயே, அதே லயம்.

நல்லையாவுக்கு வர விருப்பம்தான். ராசம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கொழுந்துக் கூடையை இறக்காமல் நின்றபடியே பேசினாள். "ஐயா வாங்கன்னு சொன்னீங்க, வந்தோம். போங்கன்னு சொன்னீங்க, போனோம். உங்க மேல ஒரு கோவமும் இல்லீங்க. ஆனா வீட்டம்மாவுக்குப் புடிக்கலேன்னுதானே போகச் சொன்னீங்க? அப்ப அந்த அம்மா வாயால வாங்கன்னு ஒரு வார்த்தை வரட்டும். வந்தா நாளைக்கே மூட்டையக் கட்டிடுறோம்."

நீ அவர்களை வரச் சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறாய் என்றேன். "எங்களுக்கு எழுத்து வேணாங்கய்யா. எழுத்துலதான் பிழை வந்துச்சின்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள்.

அந்த இடத்துக்கு உன்னை வா என்று சொல்ல எனக்கு வாயில்லை. அதைச் சொல்லமாட்டேன். ஊரில் வேறு நல்ல குடும்பம் பார்க்கிறேன். தையல்காரர் ஷுக்ரி இடம் தேடுகிறார், மனைவி தங்கமான பெண் என்கிறார்கள். நீ சரியென்றால் அவர்களைக் கூப்பிடுகிறேன்.

பலீல்

*

காலி
1913 ஏப்ரல் 21

மச்சானுக்கு ஸலாம்.

ஷுக்ரியைக் கூப்பிட வேண்டாம். அவர் மனைவி தங்கமாகவே இருக்கட்டும். நான் போகச் சொன்னது ராசம்மாவை. அவளைத்தான் நான் கூப்பிடவேண்டும். அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அவள் இடத்தில் இருந்தால் நான் கூடையை இறக்காதது மட்டுமில்லை, முகத்தையும் திருப்பியிருப்பேன்.

இருபத்தொன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை காலையில் பண்டாரவளையில் இறங்குகிறேன். நானா கூட வருகிறார். உம்மா ஒரு மூட்டை கருவாடும் மாசியும் கட்டிவிட்டார், தூக்க ஆள் கொண்டுவாருங்கள். அங்கே குளிருமென்பதால் எனக்கு ஒரு சால்வையும் வேண்டும்.

ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகவேண்டாம். சிவப்புக் கண்ணாடியையும் பலகையையும் பிறகு பார்க்கலாம். வண்டியை நேரே கொஸ்லந்தைக்கு விடச் சொல்லுங்கள். எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தாலும் சரி, முதலில் பிள்ளையை அடக்கிய மேட்டுக்குப் போய் யாஸீன் ஓதுவோம். மூன்று வருஷமாக அங்கே நான் போகவில்லை. அதற்குப் பிறகு என்னைப் பழைய கடை வாசலில் இறக்கிவிடுங்கள்.

நீங்களும் நானாவும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். அங்கிருந்து ராசம்மாவை நான் பேர் சொல்லிக் கூப்பிடப் போகிறேன். லயத்து ஆண்கள் கேட்பார்கள், கங்காணி கேட்பார், பாதையில் போகிறவர்களும் கேட்பார்கள். நானா வெட்கப்படுவார், நீங்கள்தான் அவரைச் சமாதானம் செய்யவேண்டும். ஆற்றுக்கு அக்கரையில் அவளுக்குக் கேட்காவிட்டால் இறங்கிப் போய்க் கூப்பிடலாம். ஆனால் முதலில் அந்த வாசலிலிருந்துதான்.

இந்தத் தடவை மெதுவாகக் கூப்பிடமாட்டேன்.

ஸுபைதா